போர்வோ தேவாலயக் கூரையும் எங்கள் அணையா விளக்கும்

ஹெல்சிங்கி விமான நிலையத்தில் சுங்க அதிகாரிப் பெண் என் பெட்டியிலிருந்து சுக்குப் பொடிப் பொட்டலத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது என்ன?" என்றார். இஞ்சி என்றேன். மிளகு, ஓமம், பெருங்காயம், பூண்டு என்று ஒவ்வொன்றாக மேசைமேல் வந்து உட்கார்ந்தன. யாருக்கு என்று கேட்டார். பிள்ளை பெற்ற என் மகளுக்கு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "வேறு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா?" என்றார்.

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.  ஆனால் எட்டு மாதமாக ஒருவரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. அது பெட்டியில் இல்லை. "இல்லை மேடம்" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் பொட்டலங்களை நான் அடுக்கியதைவிட அழகாகத் திருப்பி அடுக்கி, பேரனுக்கு வாழ்த்தும் சொல்லி அனுப்பினார்.

நான் மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டர். இலை உருட்டுகிற மெஷினுக்கும் காய வைக்கிற மெஷினுக்கும் முப்பது வருடமாக வைத்தியம் பார்க்கிறேன். ஐம்பத்தாறு வயதில் இதுதான் முதல் வெளிநாடு. மகள் கவிதாவும் மருமகன் பிரகாஷும் பின்லாந்தில் போர்வோ என்ற சின்ன ஊரில் இருக்கிறார்கள். பிரசவம் பார்க்க என் மனைவி சரோஜா மூன்று மாதம் முன்பே போய்விட்டாள். பத்து நாள் பேரனைப் பார்த்துவிட்டு அவளை அழைத்து வருவது என் வேலை.

இன்னொரு வேலையும் இருந்தது. நான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியின் செயலாளர். எட்டு மாதத்துக்கு முன்பு திருவிழாவின் ஒன்பதாம் நாள் கோயில் மண்டபத்துக் கூரை எரிந்து விழுந்துவிட்டது. மிச்சமிருக்கும் கல் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டுவதா, சுவர்மேல் கூரை மட்டும் போடுவதா என்று அன்றிலிருந்து ஒரே சண்டை. தலைவர் மாரிமுத்து பழைய கங்காணி வீட்டுப் பிள்ளை. நான் புறப்படுகிற அன்று காலையில் வாசலுக்கே வந்துவிட்டார்.

"தேவா, ஒங்க மருமவன் ஊருல ஒரு பெரிய சர்ச்சு கூர எரிஞ்சுபோயி திரும்பக் கட்டுனாங்களாமே. நல்லாப் பாத்துட்டு வாங்கலா. போட்டோ எடுங்க. ஞாயித்துக்கெழம மீட்டிங்ல போன்லயே சொல்லிருங்க, இடிக்கிறதா வேணாமான்னு. நீங்க ஃபிட்டரு, ஒங்க பேச்ச எல்லாரும் கேப்பாங்க."

"சரி தலைவரே" என்றேன். வேறென்ன சொல்வது?

அந்தத் தீ எப்படிப் பிடித்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டுகிற அன்று மண்டபத்தில் ஒரு விளக்கு ஏற்றுவோம். பத்தாம் நாள் கொடி இறக்குகிறவரை அது அணையக்கூடாது. அணைந்தால் அந்த வருடம் தோட்டத்துக்கு ஆகாது என்பார்கள். அதைக் காப்பது செயலாளர் பொறுப்பு. ஒன்பதாம் நாள் சாயங்காலம் ரதம் தொழிலாளர் லைன் வீடுகள் பக்கம் கிளம்பிவிட்டது. மலைக்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. விளக்கு படபடவென்று துடித்தது. காய்கறித் தோட்டங்களில் மழைக்குக் கூரையாகக் கட்டுவார்களே, அந்த பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு துண்டு கொட்டகையில் கிடந்தது. அதை விளக்கு மாடத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு ரதத்துக்குப் பின்னால் ஓடினேன். திரும்பி வந்தபோது தென்னங்குருத்துத் தோரணம், மரச்சட்டம், தகரம் எல்லாம் சேர்ந்து எரிந்துகொண்டிருந்தது. விளக்கு அணையவில்லை. அதுதான் வினை.

யாருக்கும் காயமில்லை. கருவறைக்கு மேலே கான்கிரீட் தளம் இருந்ததால் அம்மனுக்கும் முகத்தில் கரி அப்பியதோடு சரி. ஆனால் கூட்டத்தில் யாரோ "வயரிங்கா இருக்கும்லா" என்றார்கள். வருடா வருடம் சீரியல் பல்பு கட்டுகிறவன் எலக்ட்ரீஷியன் கண்ணன். கூலி வாங்கமாட்டான், அம்மனுக்கு என்பான். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். மறுநாள் மினிட்ஸ் புக்கில் "வயரிங் கோளாறு காரணமாக" என்று எழுதியது என் கைதான். அதன்பிறகு கண்ணனை ஒரு ஃபேன் மாட்டக்கூட யாரும் கூப்பிடவில்லை. இப்போது பக்கத்து ஊரான திரிங்காப்பில் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ் மூட்டையை லாரியில் ஏற்றுகிறான். இருந்தும் ஒவ்வொரு கமிட்டி மீட்டிங்குக்கும் வந்து பின்வரிசையில் நிற்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். வெட்கமில்லாமல் வந்து நிற்கிறான் பார் என்று சிலர் என் காதிலேயே சொன்னார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு மனிதன் நான்.

முதல் நாள் குளிர் என் திமிரை அடக்கியது. கேமரன்காரனுக்குக் குளிர் ஒரு விஷயமா என்று பேசிக்கொண்டு வந்தவன், பிரகாஷின் காரிலிருந்து வீட்டுக் கதவுக்கு நடக்கிற முப்பது அடியில் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அக்டோபர்தான், இன்னும் குளிர்காலமே வரவில்லை மாமா என்றான் பிரகாஷ். பேரனைக் கையில் கொடுத்தார்கள். முகம் முழுக்க என் மாமியார் வீட்டுச் சாயல். சரோஜா அதைச் சொல்லச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றாள். சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு மகள் சால்மன் மீன் சூப் வைத்தாள். பாலும் உருளைக்கிழங்கும் சோம்பு மாதிரி வாசனையடிக்கிற ஒரு கீரையும் போட்டு, மிளகாய் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாமல் செய்த சூப். கூடவே கறுப்பு ரொட்டி. ஃபேக்டரியில் பெல்ட் தேய்ந்தால் அதையே மாட்டலாம். சரோஜா மட்டும் அதில் வெண்ணெய் தடவி, இந்த ஊரில் பிறந்தவள் போலக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோன மிளகாய்ச் சம்பல் பாட்டிலைத் திறந்தேன். "வந்தன்னைக்கே ஆரம்பிச்சாச்சா?" என்றாள்.

இரண்டாம் நாள் ஜன்னலைத் திறந்ததும் தேவாலயம் தெரிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரையோரமாகச் சிவப்புச் சாயம் பூசிய பழைய மரக் கிடங்குகள்; அவற்றுக்கு மேலே குன்றின் தலையில், ஊரிலேயே பெரிய கூரை. எந்த ஜன்னலுக்குப் போனாலும் அந்தக் கூரைதான். குளியலறையில்கூட. நான் திரையை இழுத்துவிட்டேன். குழந்தைக்கு வெளிச்சம் வேண்டுமென்று மகள் திறந்துவிட்டாள்.

மத்தியானம் பிரகாஷ் அழைத்துப் போனான். கருங்கல் பாவிய தெரு ஏற்றமாகப் போகிறது. வீடுகள் எல்லாம் மரம், ஆளுக்கொரு நிறம். மேலே போய் நின்றதும் ஃபிட்டர் கண் முதலில் விழித்துக்கொண்டது. சுவர் சாம்பல் நிறக் கரடுமுரடான கல். செதுக்காமல் கிடைத்ததை அடுக்கிப் பூசியது. அதன் முன்முகத்தில் கூரைக்கு நேராக வெள்ளை அடித்த முக்கோணம், அதில் செங்கல்லாலேயே கோலம் மாதிரி வேலைப்பாடு. கூரையோ மகா செங்குத்து. பனி தங்காமல் வழுக்கி விழ வேண்டுமென்பதற்காக. தகரமும் இல்லை, ஓடும் இல்லை. கையகல மரச் சில்லுகளை மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துத் தார் பூசியிருக்கிறார்கள். பக்கத்தில் போனால் தார் வாசனை வந்தது. மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நின்றது.

"மரச் சில்லு, மேல தாரு. தீக்குச்சி காட்டுனாப் போதுமே" என்றேன்.

"அதான் மாமா எரிஞ்சுச்சு" என்றான் பிரகாஷ்.

நான் கோயிலைச் சுற்றுவது போல வலமாக மூன்று சுற்றுச் சுற்றினேன். கால் தானாகப் போய்விட்டது. அன்று உள்ளே ஏதோ இசை நிகழ்ச்சிக்கான ஒத்திகை நடந்ததால் பார்க்க முடியவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஒரு நாள் தள்ளிப்போயிற்று.

மூன்றாம் நாள் குழந்தைக்கு நாப்கின் வாங்க என்னைத் தனியாக பஸ்ஸில் அனுப்பினார்கள். நான்காவது ஸ்டாப், சிவப்புப் பட்டனை அழுத்தினால் நிற்கும் என்று மகள் மூன்று தடவை சொன்னாள். ஏறி உட்கார்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் ஞாபகம் வந்தது. தலைவர் முந்தின நாள் அனுப்பிய குரல் செய்தியில் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார்: "கண்ணனப் பத்தியும் ஒரு முடிவு பண்ணிரலாம் தேவா. இனிமே அவன் கோயில் வேல தொடக்கூடாதுன்னு தீர்மானமாப் போட்ருவோம்." அதையே மென்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கடைகளும் இல்லை, வீடுகளும் இல்லை. இரண்டு பக்கமும் பைன் காடு. பட்டனை நான் தொடவே இல்லை.

டிரைவர் ஒரு பெண். கடைசி ஸ்டாப்பில் என்னை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் நின்றால் ஒரு மணி நேரத்தில் பஸ் வரும் என்று கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். எங்கள் மலையில் கியா பார்ம் சந்தைப் பக்கம் சனிக்கிழமை ஜாமில் மூன்று மணி நேரம் கிடந்திருக்கிறேன். ஆனால் அங்கே ஸ்ட்ராபெரி விற்கிறவனாவது பேசுவான். இங்கே ஸ்டாப்பில் ஏற்கெனவே நின்றிருந்த பெரியவர் பத்தடி தள்ளி நின்றார். நான் இரண்டடி நெருங்கினேன். அவர் இரண்டடி நகர்ந்தார். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் என் சம்பளம் வரை கேட்டிருப்பார்கள்.

மழைமேகம் கூடி இருட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று அவர் தானாக என்னிடம் வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒளி பட்டால் மின்னுகிற சின்ன வில்லை ஒன்றை எடுத்து, கேட்காமலேயே என் கோட்டில் ஊக்கு வைத்து மாட்டிவிட்டார். "இது இல்லாவிட்டால் வண்டிக்காரர்களுக்கு உங்களைத் தெரியாது" என்றார் உடைந்த ஆங்கிலத்தில். மறுபடி தன் பத்தடிக்குப் போய் நின்றுகொண்டார். நன்றி சொன்னதற்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா என்னையே பார்த்தாள். "ஒங்களுக்கு என்னா ஆச்சு? வந்ததுலேருந்து ஒரு மாதிரியாவே இருக்கீங்க. ஒடம்புக்கு ஏதும் சொல்றாரா டாக்டரு? மறைக்காதீங்க."

"ஒண்ணுமில்ல. குளிரு."

"குளிருல பஸ்ஸு பட்டன் மறந்துருமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கஞ்சி வைக்கப் போனாள்.

நான்காம் நாள் தேவாலயம் திறந்திருந்தது. சரோஜாவும் வந்தாள். வாசலில் நான் வழக்கம்போல ஷூவைக் கழற்றிவிட்டேன். உள்ளே பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்ல நின்ற ரித்வா என்ற அம்மா பதறிப்போய் ஓடி வந்தார். வெள்ளை முடி, மூக்குக்கண்ணாடி, முழங்கை வரை கம்பளிக் கையுறை. "போட்டுக்கொள்ளுங்கள், தரை கல். உங்கள் பாதம் உறைந்துவிடும்" என்றார். சாமி இருக்கிற இடத்தில் ஷூவா என்று நான் தயங்க, சரோஜா, "அவங்க சாமிக்கு ஒண்ணும் கோவம் வராது, போடுங்க" என்று அதட்டினாள். அரைமனதாகப் போட்டேன்.

உள்ளே போனதும் என்னையறியாமல் மேலே பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்த அந்தச் செங்குத்துக் கூரை உள்ளே தெரியவே இல்லை. தடித்த தூண்கள், தூணிலிருந்து தூணுக்குச் செங்கல் வளைவுகள், வெள்ளைப் பூச்சு. ரித்வா அம்மா வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். முதலில் இந்த இடத்தில் மரத்தால் ஆன ஆலயம். பிறகு கல்லில் கட்டி, பதினைந்தாம் நூற்றாண்டில் பெரிதாக்கியிருக்கிறார்கள். பேராலயம் என்ற அந்தஸ்து வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. ரஷ்யச் சக்கரவர்த்தி இதே இடத்தில் வந்து உட்கார்ந்து, பின்லாந்துக்காரர்களின் சட்டத்தையும் மதத்தையும் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்தாராம். அந்தச் சக்கரவர்த்திக்கு உள்ளே ஒரு சிலையும் இருக்கிறது.

"சரி, தீ?" என்றேன். எனக்கு அதுதான் வேண்டும்.

"எந்தத் தீ?" என்று திருப்பிக் கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விரல் மடக்கினார். டென்மார்க்காரர்கள் ஒரு தடவை கொளுத்தினார்கள். ரஷ்யர்கள் ஒரு தடவைக்கு மேல். போரில் குண்டும் விழுந்தது, அதில் பெரிய சேதமில்லை. கடைசியாக இரண்டாயிரத்து ஆறில். ஒவ்வொன்றுக்கும் கொளுத்தியவர் யாரென்று நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்களைச் சொல்வது போலச் சொன்னார்.

"கடைசித் தீ கரண்ட்டாலா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்றிருந்தது எனக்கு.

"இல்லை, இல்லை. ஆள் வைத்ததுதான். ஓர் இளைஞன். கோர்ட்டில் தண்டனை ஆயிற்று. கூரை முழுக்க எரிந்து விழுந்துவிட்டது. விடியற்காலையில் அந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என் திருமண நாளைவிட அதிகம் அழுதேன்." கொஞ்சம் நின்றுவிட்டுச் சிரித்தார். "உங்களிடம் சொல்லலாம், நீங்கள் வெளியூர்க்காரர். என் பக்கத்து வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பவர். தினமும் இந்த வழியாகத்தான் நடப்பார். அவர்தான் துண்டைப் போட்டிருப்பார் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். மூன்று நாள் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. உண்மை தெரிந்ததும் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவே இல்லை. ஆனாலும் மூன்று நாள், பாருங்கள்! இப்போதும் கூசுகிறது."

மூன்று நாளுக்கே கூசுகிறதாம்.  பேச்சை மாற்ற, கூரை விழுந்தும் இந்த வளைவுகள் எப்படித் தப்பின என்று கேட்டேன். அவர் தூணைத் தட்டிக் காட்டினார். அதற்குமேல் எனக்கே புரிந்தது. மேலே எரிந்து விழுந்த பாரத்தையெல்லாம் வளைவு வாங்கித் தூணுக்கு இறக்கியிருக்கிறது, தூண் தரைக்கு. கூரை என்பது குடைதான், வீடு கீழே இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் மூடி வைத்து, பழைய மாதிரியே மரச்சட்டம் கோத்து, மரச் சில்லு அடித்து, தார் பூசித் திறந்திருக்கிறார்கள். ஒரு கல்லையும் இடிக்கவில்லை. எங்கள் கோயில் சுவரும் அப்படியே நிற்கும் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. போட்டோவாக எடுத்துத் தள்ளினேன்.

கிளம்பும்போது ரித்வா அம்மா ஏலக்காய் ரொட்டி கொடுத்தார். ஏலக்காய்! அந்த வாசனை எங்கள் திருவிழாப் பொங்கல் பானைக்கே கொண்டுபோய்விட்டது. சரோஜா இரண்டாவது கேட்டு வாங்கினாள். என்னுடையதையும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆற்றங்கரையில், சிவப்புக் கிடங்குகளுக்கு எதிரே இருந்த பெஞ்சில் வைத்துச் சரோஜாவிடம் சொன்னேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, பிளாஸ்டிக் துண்டிலிருந்து மினிட்ஸ் புக் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எட்டு மாசம்" என்றாள். "எட்டு மாசம் எம் பக்கத்துலயே படுத்து எந்திரிச்சிருக்கீங்க."

"பயமா இருந்துச்சு சரோ."

"எனக்கு இப்ப என்னா ஞாபகம் வருது தெரியுமா? தோட்டத்துக் கடையில செல்வி எங்கிட்ட சிரிச்சா. கண்ணன் பொண்டாட்டி. அம்மன் கோயிலக் கொளுத்துனவன் பொண்டாட்டிக்குச் சிரிப்பு வேறயான்னு எல்லாரு முன்னாலயும் கேட்டேன். நாந்தான் கேட்டேன். அன்னையிலேருந்து அவ கோயில் பக்கமே வர்றதில்ல." முகத்தைப் பொத்திக்கொண்டாள். "என்னைய இப்பிடி ஆக்கிட்டீங்களே. கொளுத்துனவன் பொண்டாட்டி நாந்தான்."

 முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு மீட்டிங்குல சொல்றீங்க. சொல்லலேன்னா நாஞ் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.  அன்று வீட்டில் பேரனைக்கூட என் கையில் தரவில்லை.

மறுநாள் ஞாயிறு. எங்கள் தோட்டத்தில் மத்தியானம் மூன்று மணி என்றால் போர்வோவில் காலை பத்து. குழந்தை தூங்குகிற வீட்டில் கத்திப் பேச முடியாது என்று சொல்லி இருவரும் குன்றுக்கு வந்துவிட்டோம். மணிக்கூண்டுக்குப் பின்னால் காற்று மறைவில் நின்று வீடியோ கால் போட்டுப் போனைப் பிடித்தேன். எடுத்ததும் தலைக்குமேலே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை. திரையில் தலைவர் வாயை மட்டும் அசைத்தார். ஆராதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய், மணி ஓய்ந்தபிறகுதான் குரல் வந்தது.

"என்னாலா அது, அந்தச் சத்தம்?"

"சர்ச்சு மணி தலைவரே."

"சரி சரி, சொல்லுங்க. எல்லாரும் இருக்கோம்."

எரிந்த மண்டபத்தில்தான் மீட்டிங். மேலே தார்ப்பாய். பின்னால் கரி பிடித்த சுவர். முப்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலியில். பின்வரிசையில் சுவரோரமாக, லாரியிலிருந்து இறங்கி நேரே வந்த சட்டையோடு கண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

கூரையைப் பற்றி முதலில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். வளைவு, தூண், பாரம் எப்படி இறங்கும், நம் சுவரை ஏன் இடிக்கக்கூடாது எல்லாம். கைதட்டினார்கள். "அப்ப செவுரு நிக்கட்டும்" என்று தலைவர் முடித்துவைத்தார். எட்டு மாதச் சண்டை ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. அங்கேயே போனை வைத்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சரோஜா என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்தது கண்ணன் விசியம்" என்றார் தலைவர். "நல்ல பையந்தான். இல்லேங்கல. ஆனா வயரிங் அவன் செஞ்சது. இனிமே கோயில் வேலைக்கு டவுன்லேருந்து ஆளு கூப்புடுறதுன்னு தீர்மானம். கை தூக்குங்க. செக்ரட்டரி வந்ததும் புக்குல எழுதிருவாரு."

கைகள் எழுந்தன. கண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலைவரே, எழுதமாட்டேன்" என்றேன். "வயரிங் இல்ல. நாந்தான். காத்துல வெளக்கு அணைஞ்சிரும்னு பயந்து மாடத்தச் சுத்தி பிளாஸ்டிக் ஷீட்டு கட்டிட்டு ரதத்துக்குப் பின்னால வந்துட்டேன். அதுலதான் பிடிச்சிருக்கு. அன்னைக்கே தெரியும். பயத்துல சொல்லல. புக்குலயும் பொய்யா எழுதுனேன். கண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

ஒருவரும் அசையவில்லை. "லைன் போயிருச்சாலா?" என்று யாரோ கேட்டார்கள். "லைன் இருக்கு, இருக்கு" என்றார் தலைவர்.  பிறகு படம் ஆடியது. யாரோ போனை வாங்கினார்கள். திரை முழுக்கக் கண்ணன் முகம்.

"எனக்குத் தெரியும்ணே" என்றான்.

"என்னாப்பா?"

"மறுநா சாம்பல் அள்ளுனப்ப வெளக்குல பிளாஸ்டிக்கு உருகி ஒட்டியிருந்துச்சு. காப்பு அன்னையிலேருந்து வெளக்குக்குக் காவல் யாரு, நீங்கதான? எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்பா சொல்லல?"

"நாஞ் சொன்னா தப்பிக்கப் பாக்குறான்னு சொல்லுவாங்க. நீங்க பெரிய மனுசன், நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதுக்குத்தான் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் வந்து நின்னேன். இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு." அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. "வந்ததும் மொத வேலையா எங்க வீட்டுக்கு வாங்கண்ணே. செல்விகிட்ட சொல்லுங்க. அவ எம்மேலயே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டா."

போனை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் மணிக்கூண்டின் கல்லில் சாய்ந்து அழுதேன். சரோஜா கையை விடவில்லை. உள்ளே ஆர்கன் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மிச்ச நாட்களில் பார்த்தது எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. ஹெல்சிங்கிக்கு ஒருநாள் போனோம். அங்கே இருக்கிற வெள்ளைப் பேராலயத்தின் படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். அங்கேயும் மகள் போட்டோ எடுத்தாள். அதில் என் கண் எங்கேயோ பார்க்கிறது.

ஊர் திரும்பிய அன்று மலைமேல் மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. டாக்சியைக் கண்ணன் வீட்டு லைன் முன்னால் நிறுத்தச் சொன்னேன். செல்வி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. "வாங்க" என்று சொல்லவில்லை. நான் அங்கேயே, தூறலில் நின்றபடி முழுவதையும் சொன்னேன். சரோஜா, "நானும் ஒன்னைய அன்னைக்குக் கடையில" என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நின்றாள்.

செல்வி துணியையெல்லாம் மடித்துத் திண்டில் வைத்தாள். அவசரப்படவே இல்லை. சாயங்காலம் ஐந்து மணி. வேலை முடிந்து தோட்டத்து ஜனம் முழுக்கக் கடையில் கூடுகிற நேரம்.

"எங்கிட்ட சொல்லி என்னாண்ணே ஆவப்போவுது" என்றாள். "என்னைய வீட்டுக்குள்ளயா வச்சுப் பேசுனாங்க? கடைக்கு வாங்க. அங்க வந்து இதையே சொல்லுங்க. அக்கா, நீங்களும்."

சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பெட்டியை டாக்சியிலேயே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அவள் பின்னால் போனோம்.